முட்டிக்கும் அதே எண்ணெய்... மட்டைக்கும் அதே எண்ணெய்!

உங்கள் ஆபீஸ் மேஜையின் கீழ் டிராயரைத் திறந்து பாருங்கள். மூடி தொலைந்த பேனா, காய்ந்துபோன ஸ்டாம்ப் பேட், யாரோ கொடுத்த கல்யாணப் பத்திரிகை... இதற்கெல்லாம் நடுவே நிச்சயம் ஒரு ட்யூப் கிடக்கும். வயிறு ஒட்டி, வாலைச் சுருட்டிக்கொண்டு. கழுத்து வலியா, அது. இடுப்புப் பிடிப்பா, அதே. மேனேஜர் கூப்பிட்டுத் திட்டினதால் வந்த மண்டையிடியா, அதையே எடுத்து நெற்றியிலும் இழுத்துவிடுகிற வீரர்கள் இருக்கிறார்கள்.

அந்த ட்யூபின் பின்பக்கம் எறும்பு ஊர்கிற மாதிரி பொடி எழுத்தில் அச்சடித்திருப்பதைப் படித்திருக்கிறீர்களா? கம்ப்யூட்டர் படுத்துக்கொண்ட ஒரு மத்தியானம் நான் படித்தேன். (வேலை இருந்தால் யார் ஸார் இதையெல்லாம் படிக்கப் போகிறார்கள்?) டைக்ளோஃபெனாக் டைஎதிலமைன் 1.16 சதவீதம். சரி, வலி மருந்து. மெதில் சாலிசிலேட் 10 சதவீதம், மென்தால் 5 சதவீதம். சரி, அந்த வாசனையும் ஜில்லிப்பும். நாலாவதாக ஒன்று... ‘ஓலியம் லினி, 3 சதவீதம்’.

யார் இந்த லினி? இத்தாலிய சினிமா நடிகை பெயர் மாதிரி இருக்கிறதே என்று, மருந்து கம்பெனி ஒன்றில் ஜெல், ஆயின்மென்ட் கலக்கும் பிரிவில் இருக்கும் என் கல்லூரி நண்பனுக்கு போன் போட்டேன்.

“டேய், அது லின்சீட் ஆயில்டா. ஆளி விதை எண்ணெய். ஃபைனல் இயர்ல காசு சேர்த்து ஒரு பேட் வாங்கி, ராத்திரி ராத்திரி எண்ணெய் தடவினோமே... அதே சரக்குதான்!”

திக்கென்றது. மட்டை வெடிக்காமல் இருக்கத் தடவுகிற எண்ணெய்க்கு என் முட்டியில் என்ன வேலை?

நண்பன் சிரித்தான். விதை ஒன்றுதான், ஆனால் தரம் வேறு. மருந்தில் சேர்ப்பது அதற்கென்று சுத்திகரித்தது. “அதுக்காக பெயின்ட் கடையில கதவு ஜன்னலுக்கு விக்கிற டபுள் பாயில்டு வாங்கி முட்டில தேய்ச்சுக்காதே. அது சீக்கிரம் காயணும்னு உலோக உப்பு சேர்த்திருப்பான்.” ஆளி விதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து தானே இறுகிவிடும் ஜாதி. மட்டைக்கு அது வரம். ட்யூபுக்குள் அது தலைவலி. அதனால்தான் எண்ணெய் கலந்த களிம்புகளில், கெட்டுப்போகாமல் இருக்க இன்னொரு சரக்கும் சேர்க்கிறார்கள். ட்யூபை பைக் டாங்க் கவரில் வைத்து வெயிலில் வேகவைக்கிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளவும்.

இந்த ‘ஓலியம்’ என்ற வார்த்தையிலேயே ஒரு வேடிக்கை. லத்தீன்காரனுக்கு எண்ணெய் என்றாலே ஆலிவ்தான். ‘ஓலியம்’ அதிலிருந்து வந்தது, இங்கிலீஷ் ‘ஆயிலும்’ அதிலிருந்துதான். நமக்கோ எள்தான் எல்லாம். எள்ளின் நெய், எண்ணெய். சமஸ்கிருதத்தில் எள்ளுக்குத் திலம், அதிலிருந்து தைலம். அதாவது ‘தேங்காய் எண்ணெய்’ என்று சொல்லும்போதெல்லாம் ‘தேங்காய் எள் நெய்’ என்று உளறிக்கொண்டிருக்கிறோம். ‘ஓலியம் லினி’ என்றால் ஆளியின் ஆலிவ். உளறுவதில் எல்லா ஊரும் ஒன்று!

விஷயத்துக்கு வருவோம். முதலில் ஒரு பழைய நம்பிக்கையை உடைக்க வேண்டியிருக்கிறது. என் பாட்டி சொல்வாள்: “நல்லெண்ணெயை நல்லா சூடு பறக்கத் தேய்டா, எலும்பு வரைக்கும் இறங்கட்டும்.”

பாட்டி மன்னிக்கணும். இறங்காது.

நம் தோலின் மேல் இருப்பது செத்துப்போன செல்களின் அடுக்கு. பதினைந்து இருபது வரிசை. உள்ளங்கை, உள்ளங்கால் தவிர மற்ற இடங்களில் இதன் மொத்த கனமே 0.01-லிருந்து 0.02 மில்லிமீட்டர்தான். ஜெராக்ஸ் பேப்பரின் கனத்தில் ஐந்தில் ஒரு பங்கு தேறினால் அதிகம். இந்தச் சொற்ப கனத்தை வைத்துக்கொண்டுதான் உடம்பு வெளி உலகத்தை வெளியிலேயே நிறுத்தி வைத்திருக்கிறது. எப்படி? செங்கல், சாந்து. செத்த செல்கள் செங்கல். நடுவில் பூசியிருக்கும் சாந்து முழுக்கக் கொழுப்பு. செராமைட், கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள். பீட்டர் இலியாஸ் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் பிரபலப்படுத்திய உவமை இது. நம் ஊர் கொத்தனாரிடம் சொன்னால் ஒரே நிமிஷத்தில் புரிந்துகொள்வார்.

இந்தச் சுவரில் எது நுழையும் என்பதற்கு ஒரு தோராயமான கணக்கு இருக்கிறது. 2000-ல் போஸ், மைனார்டி என்ற இரண்டு டச்சு ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள்: மூலக்கூறின் எடை 500 டால்டனைத் தாண்டினால் தோலுக்குள் போவது கஷ்டம். மென்தால் 156. கற்பூரம் 152. மெதில் சாலிசிலேட்டும் 152. டைக்ளோஃபெனாக் 296. இவர்கள் எல்லாம் சீசன் டிக்கெட் பார்ட்டிகள். நம் எண்ணெயோ? ஆலிவ் எண்ணெயின் முக்கிய மூலக்கூறு 885. விளக்கெண்ணெயுடையது 930-க்கு மேல். வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். தேய்த்த எண்ணெயின் பெரும்பகுதி மேல் வரிசைச் செங்கற்களிலேயே தங்கிவிடுகிறது. (முகத்துக்குக் கொலாஜன் க்ரீம் வாங்குகிறவர்களுக்கு ஒரு தகவல்: கொலாஜனின் எடை சுமார் 3 லட்சம் டால்டன். உள்ளே போவது உங்கள் பணம் மட்டும்தான். அதுவும் கடைக்காரர் கல்லாவுக்குள்.)

அப்படியானால் எண்ணெயை எதற்குக் கலக்கிறார்கள்?

“பஸ்ஸுடா அது” என்றான் நண்பன். “மருந்து பயணி. எண்ணெய் பஸ்.”

நம் சித்த வைத்தியர்கள் தைலம் காய்ச்சுவதைப் பார்த்திருக்கிறீர்களா? மூலிகைச் சாறு, கஷாயம், அரைத்த விழுது எல்லாவற்றையும் எண்ணெயோடு சேர்த்து, தண்ணீர் முழுக்கச் சுண்டும் வரை காய்ச்சுகிறார்கள். அடியில் நிற்கும் கல்கம் மெழுகு பதமா, மணல் பதமா என்று விரலால் உருட்டிப் பார்க்கிறார்கள். திரியில் தோய்த்துக் கொளுத்துகிறார்கள். படபட என்று வெடித்தால் இன்னும் தண்ணீர் பாக்கி. சத்தமில்லாமல் எரிந்தால் தைலம் தயார். இத்தனை பாடும் எதற்கு? மூலிகையில் கொழுப்பில் கரையக்கூடியது எதுவோ அதை எண்ணெய்க்குள் ஏற்றுவதற்கு. சுவரின் சாந்தும் கொழுப்புதானே? கொழுப்பில் கரைந்தது கொழுப்புக்குள் போகும். உள் மருந்துக்குத் தேனும் நெய்யும் அனுபானம் என்றால், வெளி மருந்துக்கு எண்ணெய்.

ஆனால் இதில் ஒரு சூட்சுமம். பயணிக்கு பஸ்ஸை ரொம்பப் பிடித்துப்போனால் இறங்கவே மாட்டான். மருந்து எண்ணெயில் அளவுக்கு மீறி சொகுசாகக் கரைந்துவிட்டால், தோலுக்கு மாறாமல் எண்ணெயிலேயே உட்கார்ந்துகொள்ளும். ஏறவும் வேண்டும், சரியான ஸ்டாப்பில் இறங்கவும் வேண்டும். களிம்பு செய்கிறவனின் தூக்கம் கெடுவது இங்கேதான். அதனால் வெறும் எண்ணெயாக இல்லாமல், தண்ணீரில் எண்ணெயைப் பொடிப்பொடித் துளிகளாக உடைத்து, ஜெல்லாகக் கட்டுகிறார்கள். தண்ணீரும் எண்ணெயும் மாமியார் மருமகள் மாதிரி. சமாதானத்துக்கு ஒரு ஆள் வேண்டும். பல களிம்புகளில் அந்த ஆள் யார் தெரியுமா? ஆமணக்கு எண்ணெயிலிருந்து தயாரித்த ஒரு சரக்கு. நாம் எதற்கும் லாயக்கில்லாதவனை ‘போடா விளக்கெண்ணெய்’ என்று திட்டிக்கொண்டிருக்கிறோம்!

பஸ் மட்டுமில்லை, சில எண்ணெய்கள் வாட்ச்மேனுக்கு மாமூல் கொடுக்கிற வேலையும் பார்க்கின்றன. எண்ணெயிலுள்ள ஓலிக் அமிலம் வளைந்த உடம்புக்காரன். வரிசையாக நிற்கும் கொழுப்புச் சாந்துக்குள் நுழைந்து, ரேஷன் க்யூவில் முழங்கையை விரித்துக்கொண்டு நிற்கிற ஆள் மாதிரி, வரிசையையே கலைத்துவிடும். சுவர் இளகும். பின்னாலேயே மருந்து நுழையும். மருந்துக் கம்பெனிக்கு இது கொண்டாட்டம். ஆனால் மருந்து எதுவும் போடாமல் சும்மா எண்ணெய் மட்டும் தடவினால்? அப்போதும் சுவர் இளகத்தானே செய்யும்?

செய்கிறது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் 19 பேரை வைத்துச் சோதித்தார்கள். 2013-ல் முடிவு வெளியானது. முன்னங்கையில் ஆறு சொட்டு ஆலிவ் எண்ணெய், தினம் இரண்டு வேளை, நாலைந்து வாரம். மேலடுக்கின் உறுதி குறைந்தது, லேசாகச் சிவக்கவும் செய்தது. இன்னொரு கையில் சூரியகாந்தி எண்ணெய் தடவியவர்களுக்கு அந்தக் கை கெடவில்லை. காரணம், ஆலிவில் ஓலிக் அமிலம் தூக்கல். சாதாரண சூரியகாந்தியில் லினோலிக் அமிலம் தூக்கல். லினோலிக், தோல் தன் சாந்தைக் குழைக்கவே பயன்படுத்துகிற சரக்கு. ஒருவன் சுவரை இடிக்கிறான், இன்னொருவன் பூசுகிறான். கடையில் இரண்டுக்கும் ஒரே பெயர்: எண்ணெய்!

பெரியவர்கள் தோல் கொஞ்சம் சிவந்தால் போகட்டும். பச்சைக் குழந்தைகளுக்கு இது விளையாட்டில்லை. முக்கியமாகக் குறைமாதக் குழந்தைகளுக்கு. அவர்களுக்குச் சுவரே பாதிதான் கட்டி முடிந்திருக்கும். கிருமி நேராக உள்ளே போகும். டாக்கா குழந்தைகள் ஆஸ்பத்திரியில் அப்படிப்பட்ட குழந்தைகளுக்குச் சூரியகாந்தி எண்ணெய் தடவிப் பார்த்தார்கள். 2005-ல் ‘லான்செட்’ பத்திரிகையில் வந்தது: தடவாத குழந்தைகளைவிட ஆஸ்பத்திரித் தொற்று 41 சதவீதம் குறைவு. எத்தனை லட்சம் ரூபாய் மெஷின் என்று கேட்காதீர்கள். சமையல் எண்ணெய் ஜாதி! அதே குழு அதற்கு முன்பு எலிகளில் பார்த்தபோது, வங்காளத்துப் பாட்டிகளுக்குப் பிடித்த கடுகெண்ணெய் தோல் ஆறுவதையே தாமதப்படுத்தியது. ஆலிவும் அப்படியே.

‘ஆஹா, அப்ப சூரியகாந்திதான்!’ என்று கிளம்பிவிட வேண்டாம். மான்செஸ்டரில் நிறைமாதமாகப் பிறந்த 115 குழந்தைகளிடம் பார்த்து 2016-ல் எழுதினார்கள்: ஆலிவோ சூரியகாந்தியோ, எதைத் தடவினாலும் தோலில் ஈரப்பதம் கூடியது, ஆனால் சாந்து வரிசை ஒழுங்காக அடுக்கிக்கொள்வது தாமதப்பட்டது. பாதி கட்டிய வீட்டுக்குப் பூச்சு உதவுகிறது, கட்டி முடித்த வீட்டுக்குக் குறுக்கே நிற்கிறது என்று நான் புரிந்துகொண்டேன். நம் தேங்காய் எண்ணெய்க்கும் ஒரு சர்டிஃபிகேட் உண்டு. பிலிப்பைன்ஸில் கரப்பான் வகைத் தோல் அழற்சி இருந்த 117 குழந்தைகளிடம் 2014-ல், மினரல் ஆயிலைவிடச் சுத்தத் தேங்காய் எண்ணெய் நன்றாக வேலை செய்தது.

கடலை எண்ணெய் கதை வேறு மாதிரி. பிரிட்டனில் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2003-ல் வெளியிட்ட ஆய்வு அது. தோல் அழற்சிக்குக் கடலை எண்ணெய் கலந்த க்ரீம் தடவப்பட்ட குழந்தைகளிடம், பின்னால் வேர்க்கடலை அலர்ஜி அதிகம் காணப்பட்டது. வாய்வழியாக அறிமுகமாக வேண்டிய கடலை, பின் வாசல் வழியாக வந்ததால் உடம்பு திருடன் என்று நினைத்துவிட்டது போலிருக்கிறது. தோல் வெடித்துப் புண்ணான குழந்தைக்கு எதைத் தடவுவது என்று பக்கத்து வீட்டு மாமியைக் கேட்காமல் டாக்டரைக் கேட்பது உத்தமம்.

இதுவரை சொன்னது பிழிந்தெடுத்த எண்ணெய். காய்ச்சி வடிக்கிற எண்ணெய் வேறு வம்சம். ஊட்டிக்குப் போனவர்கள் எல்லாம் வாங்கி வருகிற நீலகிரித் தைலம்தான் உதாரணம். 1840-களில் வெள்ளைக்காரர்கள் விறகுக்காகக் கொண்டுவந்து நட்ட ஆஸ்திரேலிய மரம். அதன் இலையைப் பொறுக்கி வந்து பெரிய செம்புப் பானையில் அவித்து, ஆவியைக் குளிரவைத்துத் தைலமாக்குகிறார்கள். அதன் சாரமான சினியோல் 154 டால்டன். தானும் சுலபமாக உள்ளே போகும், கூட வருகிறவனையும் கூட்டிக்கொண்டு போகும். மென்தாலும் அப்படித்தான்.

மென்தாலின் ஜில்லிப்பு ஒரு கண்கட்டு வித்தை. தடவின இடம் நிஜமாகக் குளிர்வதில்லை. குளிரைக் கண்டுபிடிக்க நரம்பில் ஒரு கதவு இருக்கிறது. மென்தால் அந்தக் கதவைப் போய்த் தட்டுகிறது, மூளை ‘ஆஹா, ஐஸ்!’ என்று ஏமாறுகிறது. அந்தக் கதவை மென்தாலை வைத்தே கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படாபூட்டியன் இருவருக்கும் 2021-ல் நோபல் பரிசே கிடைத்தது. மிளகாயின் காரம் தட்டுகிற சூட்டுக் கதவும் ஜூலியஸ் கண்டுபிடிப்புதான். வலிக்கிற இடத்தில் ஜில்லென்றோ சுரீரென்றோ ஒரு புதுச் சேதி போனால், மூளை பழைய சேதியைக் கொஞ்ச நேரம் மறக்கிறது. 1893-ல் நாகேஸ்வர ராவ் பம்பாயில் ஆரம்பித்து, 1914-ல் சென்னைக்குக் கொண்டுவந்த அமிர்தாஞ்சனம் உள்பட எல்லா வலி பாமும் இந்த வித்தையைத்தான் காட்டுகின்றன.

வித்தை நன்றாக இருக்கிறதே என்று ட்யூபைப் பிதுக்கிக்கொண்டே இருப்பதுதான் ஆபத்து.

“டைக்ளோஃபெனாக்கைப் பத்தி எனக்குக் கவலையில்லடா” என்றான் நண்பன். “மாத்திரையா முழுங்கினா ரத்தத்துல சேர்றதுல ஆறு சதவீதம்தான் ஜெல் வழியாச் சேருது. வயித்துக்கு அது நல்லது. எனக்கு பயம் அந்த விண்டர்க்ரீன் மேலதான்.”

விண்டர்க்ரீன் எண்ணெய் என்பது மெதில் சாலிசிலேட். நீலகிரி உயரத்தில் வளரும் ஒரு புதரின் இலையிலும் இது உண்டு. இப்போது பெரும்பாலும் தொழிற்சாலைச் சரக்கு. ஆஸ்பிரினுக்குச் சித்தப்பா பிள்ளை. சுத்தமான விண்டர்க்ரீன் எண்ணெய் ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி, சுமார் 7 கிராம் ஆஸ்பிரினுக்குச் சமம். 325 மில்லிகிராம் மாத்திரை இருபத்தொன்றை ஒரே வாயில் போட்ட மாதிரி! குழந்தை எட்டும் உயரத்தில் அந்த பாட்டிலை வைக்காதீர்கள் என்பது இதனால்தான். தடவினாலும் விஷயம் உண்டு. 2007-ல் நியூயார்க்கில் 17 வயது ஓட்டப்பந்தய வீராங்கனை ஒருத்தி இறந்துபோனாள். கால் வலிக்குத் தடவிக்கொண்டே இருந்த களிம்புகளின் மெதில் சாலிசிலேட் உடம்பில் அளவு மீறிச் சேர்ந்துவிட்டது என்று பிரேதப் பரிசோதனையில் தெரிந்தது. அவள் எதையும் விழுங்கவில்லை.

2012-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஒரு எச்சரிக்கை விட்டது. வலிக் களிம்பு தடவிய இடத்தில் தோல் வெந்துபோன 43 கேஸ்கள் அவர்களிடம் வந்திருந்தன. கடுமையானவற்றில் பல, மென்தால் 3 சதவீதத்துக்கும் மெதில் சாலிசிலேட் 10 சதவீதத்துக்கும் மேலே இருந்த சரக்குகளால் வந்தவை. நம் ட்யூபில் எத்தனை போட்டிருந்தது? மேலே போய் ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள்.

இதற்காக ட்யூபைத் தூக்கிக் குப்பையில் போட வேண்டியதில்லை. லேபிளில் சொன்ன அளவு, சொன்ன வேளை, அவ்வளவுதான். நாம் செய்கிற கூத்துதான் பிரச்னை. தடவிவிட்டு மேலே க்ரேப் பாண்டேஜை இறுக்கிச் சுற்றுகிறோம். அதற்கு மேல் வெந்நீர்ப் பை வைக்கிறோம். சுவரை இளக்கும் எண்ணெய், அதை இன்னும் இளக்கும் சூடு, ஆவியாகிப் போகவிடாத கட்டு. பத்து பேர் போக வேண்டிய கதவில் நூறு பேரை விடுகிற ஏற்பாடு இது. ஜிம்மில் வியர்த்துக் கொட்டும்போது தடவுவதும், ஷேவ் செய்த கையோடு கழுத்தில் தடவுவதும் இதே ரகம்.

கைக்குழந்தைக்குச் சளி என்றால் மூக்கருகில் கற்பூரத் தைலம் தடவுகிறார்கள். வேண்டவே வேண்டாம். கற்பூரமும் நீலகிரித் தைலமும் மூளையைத் தூண்டி வலிப்பு வரவழைக்கக்கூடியவை. குழந்தைகளுக்கு மட்டுமில்லை, பெரியவர்களிலும் சிலருக்கு இவற்றால் வலிப்பு வந்ததைப் பெங்களூரு நரம்பியல் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஏற்கெனவே வலிப்பு நோய் உள்ளவர் வீட்டில் இருந்தால் பாம் டப்பாவைப் பற்றி டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம்.

இன்னொரு கோஷ்டியும் இருக்கிறது. இதய வால்வுக்கோ ரத்தக் கட்டிக்கோ வார்ஃபரின் சாப்பிடுகிற அப்பாக்கள், மாமனார்கள். வார்ஃபரின் ரத்தம் உறைவதை மட்டுப்படுத்தும் மாத்திரை. மெதில் சாலிசிலேட் தோல் வழியாக உள்ளே போய், அதன் வேகத்தைக் கூட்டிவிடும். ஈறில் ரத்தம், தொட்ட இடமெல்லாம் கன்றிப்போவது என்று ஆரம்பிக்கும். டாக்டர் “வேற என்ன மருந்து சாப்பிடறீங்க?” என்று கேட்பார். “ஒண்ணுமில்லைங்க டாக்டர்” என்பார் பெரியவர். பொய் சொல்லவில்லை. அவர் சாப்பிடவில்லையே, தடவத்தானே செய்தார்!

அடுத்த செக்கப்புக்கு அவரைக் கூட்டிப் போகும்போது மாத்திரைச் சீட்டோடு, தலையணைக்குக் கீழே இருக்கிற அந்தத் தைல பாட்டிலையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அவர் வேண்டாம் என்பார். கேட்காதீர்கள்.